மூன்று ஏழுகளும் ஒரு வெண்கலக் கூடும்: எதிரயனிகளிலிருந்து உலோக நானோகொத்துகள் கட்டும் திட்டமொன்றின் நிகழ்வு ஆய்வு

சேலத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் துறையில், முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வுத் திட்டத்துக்கான முன்மொழிவைத் துறைக் குழுவிடம் அளித்தார். ஈயம், வெள்ளீயம், ஆர்சனிக் ஆகிய முதன்மைத் தொகுதித் தனிமங்களின் எதிரயனிகளை, அதாவது எதிர்மின்சுமை கொண்ட அயனிகளை, தொடக்கப் பொருளாகக் கொண்டு, நடுவில் இடைநிலை உலோக அணுக்கள் பொதிந்த நானோகொத்துகளைத் தயாரிப்பது என்பதே அதன் சாரம். குழு அதை அப்படியே ஏற்கவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. முன்மொழிவு எந்தக் கேள்விகளால் உருமாறியது, கடைசியில் எந்த வடிவில் நிறைவேறியது என்பதைக் குழு உறுப்பினர்களுள் ஒருவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரியின் பெயரும் மாணவியின் பெயரும் இந்தப் பதிவுக்குத் தேவைப்படவில்லை.

நம் பகுதிக் கல்லூரிகளில் நானோ என்ற சொல் திட்ட அறிக்கையின் தலைப்பில் வந்தால், உள்ளே வெள்ளி நைட்ரேட்டும் ஏதேனும் ஓர் இலைச்சாறும் இருக்கும் என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம். சேர்வராயன் மலையில் விளையும் காப்பி இலை, மிளகுக் கொடி, ஆரஞ்சுத் தோல் என எதையும் நம் மாணவர்கள் விட்டுவைக்கவில்லை. அவற்றில் கிடைப்பவை நானோ துகள்கள். ஒரே கரைசலில் பல அளவுகளில் இருப்பவை. ஒவ்வொன்றிலும் எத்தனை அணுக்கள் என்று எவராலும் சொல்ல முடியாதவை. நானோகொத்து அப்படிப்பட்டதன்று. அதில் அணுக்களின் எண்ணிக்கை திட்டவட்டமானது, அமைப்பு படிகத்தில் அளந்தறியப்பட்டது, மின்சுமையும் எழுதிக் காட்டக்கூடியது. ஆகவே அதைப் பற்றி எழுதப்படும் எந்தச் சமன்பாட்டையும் கடைசி எலக்ட்ரான் வரை சரிபார்க்கலாம். மாணவி இந்தத் துறையைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம் என்று முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே முன்மொழிவை முழுதாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பின்னணி

ஈயத்தையும் சோடியத்தையும் திரவ அம்மோனியாவில் சேர்த்தால் பச்சைக் கரைசல் கிடைக்கும் என்பதை ஜோவானிஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1891இல் அறிவித்தார். உலோகமாகவே நாம் அறிந்த ஈயம் அக்கரைசலில் எதிரயனியாக இருக்கிறது என்பதும், அந்த அயனியில் ஒன்பது ஈய அணுக்களும் நான்கு எதிர்மின்சுமைகளும் உள்ளன என்பதும் எடுவார்ட் சின்டில் 1930களின் தொடக்கத்தில் செய்த மின்னழுத்தத் தரம்பார்த்தல்களால் தெளிவாயின. பூச்சியத்துக்குக் கீழே 33 பாகை செல்சியசில் கொதித்துவிடும் ஒரு கரைப்பானில், காற்றும் ஈரமும் புகாமல் அவர் அந்தத் தரம்பார்த்தல்களைச் செய்தார் என்பதை நினைத்தால் வியப்பே மிஞ்சுகிறது. அவர் 1941இல் மறைந்த பிறகு இவ்வகைச் சேர்மங்கள் அவர் பெயராலேயே வழங்கலாயின.

அயனிகளின் வடிவம் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. கரைப்பானை ஆவியாக்கினால், எதிரயனியில் இருக்கும் எலக்ட்ரான்கள் காரஉலோக அயனிக்கே திரும்பிச் சென்று, கரைசல் மீண்டும் உலோகக் கலவையாகிவிடும். ஜான் கார்பெட் 1970களில் இதற்கு வழி கண்டார். கிரிப்டாண்ட் என்னும் கூண்டு மூலக்கூறு சோடியம் அல்லது பொட்டாசியம் அயனியைத் தன்னுள் முழுதாக அடைத்துக்கொள்வதால், எலக்ட்ரான் திரும்பிப் போக இடமில்லாமல் போகிறது, எதிரயனியும் படிகமாகிறது. கூண்டு மூலக்கூறுகளுக்கான வேதியியலுக்காக ஜான்-மரி லேன் 1987இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதை நம் மாணவர்கள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்த மூலக்கூறு இந்தத் துறைக்குச் செய்த உதவியை அங்கே யாரும் சொல்வதில்லை.

அடுத்த கட்டம், இந்த எதிரயனிகளை இடைநிலை உலோகச் சேர்மங்களோடு வினைபுரிய வைத்ததுதான். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஐக்ஹார்ன் குழுவினர் 2003இல் ஆர்சனிக்கும் நிக்கலும் சேர்ந்த மூன்றடுக்குக் கொத்தையும், 2004இல் பன்னிரண்டு ஈய அணுக்களின் நடுவே ஒரு பிளாட்டினம் அணு அமர்ந்த கொத்தையும் வெளியிட்டார்கள். மாணவியின் முன்மொழிவு இவ்விரண்டையும் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த சில கொத்துகளையும் மாதிரியாகக் கொண்டிருந்தது.

முதல் கேள்வி: எதிரயனி உறையா, உடலா?

குழுவில் அணைவுச் சேர்மங்களைக் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் முதலில் எழுப்பிய கேள்வி இது. தங்க நானோகொத்துகளில் 25 தங்க அணுக்களையும் 18 தயோலேட் ஈனிகளையும் (உலோகத்தோடு வெளியிலிருந்து பிணையும், கந்தகம் கொண்ட தொகுதிகள்) கொண்ட ஒன்று பெயர்பெற்றது. அதில் கந்தகம் எதிரயனியாக வெளியே நின்று உலோக உள்ளகத்தைக் காக்கிறது. ஈய எதிரயனியும் அதே வேலையைத்தான் செய்கிறது என்றால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. பிளாட்டினம் பொதிந்த ஈயக் கொத்தைப் பார்த்தாலே விடை கிடைக்கிறது. அங்கே ஈய அணுக்கள் தமக்குள்ளேயே பிணைந்து ஓர் இருபதுமுகிக் கூட்டைக் கட்டுகின்றன. பிளாட்டினம் அதன் நடுவில் இருக்கிறது. வெளியே ஈனி என்று எதுவுமே இல்லை. தயோலேட் நீங்கினால் தங்க உள்ளகம் நிலைகுலையும், ஆனால் தங்கம் மிஞ்சும். ஈயத்தை நீக்கினால் மிஞ்சுவது ஒற்றைப் பிளாட்டினம் அணு மட்டுமே. அணுக்களைத் தருவதும் கூட்டைக் கட்டுவதும் அதைத் தாங்கும் எலக்ட்ரான்களைக் கொடுப்பதும் எதிரயனியே. உலோகமும் உலோகப்போலியும் கலந்த இத்தகைய கொத்துகளுக்குத் தனிப் பெயர் ஒன்று வேண்டும் என்று தாமஸ் ஃபெஸ்லரும் அவருடைய சக ஆய்வாளரும் 2004இல் முன்மொழிந்ததும் இதனால்தான்.

இரண்டாம் கேள்வி: எலக்ட்ரான் கணக்கு

இந்த நிகழ்வின் மையம் இதுதான். இதற்குக் குழு மிகுதியான நேரம் கொடுத்தது.

கென்னத் வேட் 1971இல் போரான் கூடுகளுக்கு வகுத்த எண்ணல் விதியை மாணவி முன்மொழிவில் பயன்படுத்தியிருந்தார். நான்கு எதிர்மின்சுமை கொண்ட ஒன்பது ஈய அணுக்களின் அயனியை எடுத்துக்கொள்வோம். அணுவுக்கு நான்காக 36 இணைதிறன் எலக்ட்ரான்கள், சுமைக்கு நான்கு, ஆக 40. ஒவ்வோர் அணுவும் வெளிப்பக்கம் ஒரு தனித்த எலக்ட்ரான் இணையை வைத்துக்கொள்வதால் 18 கழிகிறது. கூட்டைக் கட்ட எஞ்சுபவை 22. ஒன்பது முனைகளுக்கு 22 என்றால், பத்து முனைகள் கொண்ட மூடிய கூட்டிலிருந்து ஒரு முனை கழன்ற வடிவம் என்கிறது விதி. சதுர எதிர்ப்பட்டகத்தின் ஒரு முகத்தில் மட்டும் மூடி வைத்தாற்போன்ற வடிவத்தைத்தான் படிகங்களிலும் பெரும்பாலும் காண்கிறோம். பிளாட்டினம் பொதிந்த பன்னிரண்டு ஈயக் கொத்தில் 48உடன் சுமை இரண்டு சேர்ந்து 50. தனித்த இணைகளுக்கு 24 போக 26. பிளாட்டினம் தன் பத்து எலக்ட்ரான்களையும் தன்னிடமே வைத்துக்கொண்டு கூட்டுக்கு எதையும் தருவதில்லை என்று கொண்டால், பன்னிரண்டு முனைகளின் மூடிய கூட்டுக்கு வேண்டிய எண்ணிக்கை அச்சொட்டாக அதுதான்.

இதுவரை முன்மொழிவில் இருந்தது. குழு கேட்டது இதற்கு அடுத்ததை. குடுவையில் போடுவது ஒன்பது ஈய அணுக்களின் அயனி. வெளியே எடுப்பது பன்னிரண்டு ஈய அணுக்களின் கொத்து. இடையில் எழுத வேண்டிய சமன்பாடு என்ன? மாணவி கரும்பலகையில் எழுதினார்: நான்கு ஒன்பதுகள் 36, மூன்று பன்னிரண்டுகள் 36, அணுக்கள் சரி. சுமையைப் பார்த்தால் இடப்பக்கம் எதிர்மின்சுமை 16, வலப்பக்கம் 6. ஆகவே வலப்பக்கம் பத்து எலக்ட்ரான்களைத் தனியே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பத்தும் எங்கே போகின்றன என்று குழு கேட்டபோது அறையில் சிறிது நேரம் பேச்சில்லை.

இதை மாணவியின் குறையாக நான் கருதவில்லை. இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றிலேயே வினைச் சமன்பாடு முழுமையாக எழுதப்படுவதில்லை. எதிரயனிகள் வலிமையான ஒடுக்கிகள். அவை விடும் எலக்ட்ரான்களைக் கரைப்பானான எத்திலீன்டையமீன் ஏற்று ஹைட்ரஜனை வெளிவிடக்கூடும் என்றும், உலோகச் சேர்மத்தோடு வந்த ஈனிகள் ஏற்கக்கூடும் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு கிராமுக்கும் குறைவான அளவில் நடக்கும் வினையில், சில நல்ல படிகங்கள் விழுந்துவிட்டால் எஞ்சிய கரைசலை ஆராயும் பொறுமை பலருக்கும் இருப்பதில்லை. படிகத்தின் படம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கைப் பாதியில் விடும் இந்தப் பழக்கத்தை மாணவர்களுக்குக் கற்றுத்தரக் கூடாது என்பது என் கருத்து.

ஆர்சனிக்–நிக்கல் கொத்தில் கணக்கு இன்னும் சுவையானது. அதன் நடுவே ஓர் ஆர்சனிக் அணு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு நிக்கல் அணுக்கள் இருபதுமுகியாக. அதற்கும் வெளியே இருபது ஆர்சனிக் அணுக்கள் பன்னிருமுகியாக. மொத்தத்துக்கும் மூன்று எதிர்மின்சுமை. தொடக்கப் பொருளோ ஏழு ஆர்சனிக் அணுக்களும் மூன்று சுமையும் கொண்ட சிறு கூண்டு. மூன்று ஏழுகள் 21. நடுவிலுள்ள ஒன்றும் வெளியிலுள்ள இருபதும் சேர்ந்தும் 21. அணுக் கணக்கு மிச்சமின்றி முடிகிறது. சுமை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைய, ஆறு எலக்ட்ரான்கள் வெளியேற வேண்டும். யாரும் குடுவையில் பன்னிருமுகியைப் போடவில்லை. ஏழணுக் கூண்டுகள் உடைந்து, நிக்கலைச் சுற்றி மறுபடி கூடியிருக்கின்றன.

இங்கேதான் மாணவி தம் முன்மொழிவின் மிகச் சிறந்த பகுதியைக் காட்டினார். 2011இல் ஃபெஸ்லர் குழுவினர் சோடியம் அல்லது பொட்டாசியத்தைச் செம்போடும் வெள்ளீயத்தோடும் சேர்த்து உருக்கிப் பெற்ற திண்மத்தில், ஒரு வெள்ளீயம், அதைச் சுற்றிப் பன்னிரண்டு செம்பு, அதற்கும் வெளியே இருபது வெள்ளீயம் என்று அதே மூன்றடுக்கைக் கண்டார்கள். மொத்தச் சுமை இம்முறை எதிர்மின் 12. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். ஆனால் சிலை வார்க்கும் வெண்கலத்தில் செம்பே பெரும்பங்கு, இங்கே பன்னிரண்டு செம்புக்கு இருபத்தொரு வெள்ளீயம். இரண்டு கொத்துகளுக்கும் தனிமங்களும் வேறு, தயாரித்த முறையும் வேறு, சுமையும் வேறு. பின் ஏன் ஒரே வடிவம்?

முறைப்படியான மின்சுமைகளை அணு அணுவாகப் பிரித்துப் பார்த்தால் விடை தெரிகிறது. ஆர்சனிக் 15ஆம் தொகுதித் தனிமம், ஐந்து இணைதிறன் எலக்ட்ரான்கள் கொண்டது. மூன்று பிணைப்புகளோடு நின்றால் அதற்குச் சுமை இல்லை. எனவே வெளிக்கூட்டின் இருபது ஆர்சனிக் அணுக்களுக்கும் சுமை பூச்சியம். நிக்கலுக்கும் பூச்சியம், பத்து எலக்ட்ரான்களோடு. நடுவிலுள்ள ஆர்சனிக்குக்கு எதிர்மின் மூன்று, எண்மம் (எட்டு வெளி எலக்ட்ரான்கள்) நிறைந்தது. மொத்தம் மூன்று. வெள்ளீயத்துக்கு ஓர் எலக்ட்ரான் குறைவு. ஆகையால் மூன்று பிணைப்புகளோடு நிற்க ஒவ்வொன்றும் ஒரு சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும்: இருபதுக்கு இருபது. செம்பு அயனி ஒவ்வொன்றும் நேர்மின் ஒன்று, நிக்கலைப் போலவே பத்து எலக்ட்ரான்களோடு: பன்னிரண்டு. நடுவிலுள்ள வெள்ளீயத்துக்கு எண்மம் நிறைய எதிர்மின் நான்கு. இருபதும் நான்கும் இருபத்துநான்கு. அதில் பன்னிரண்டு கழிய எஞ்சுவது பன்னிரண்டு. ஒவ்வோர் இடத்திலும் தனிமம் மாறியிருக்கிறது. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவில்லை.

இது முறைப்படியான பிரிப்பு மட்டுமே என்பதைக் குழு அழுத்திச் சொன்னது. ஆர்சனிக் கூட்டில் ஆர்சனிக்–ஆர்சனிக் இடைவெளிகள் சாதாரண ஒற்றைப் பிணைப்பை விட நீண்டவை. நிக்கலும் ஆர்சனிக்கும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நடுவணுவில் முழுதாக மூன்று சுமை உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆண்டிமனியும் பலேடியமும் சேர்ந்த இதே வகைக் கொத்து ஒன்றுக்கு மேற்பட்ட சுமை நிலைகளில் கண்டறியப்பட்டிருப்பதால், எண்ணிக்கை ஒன்றே வடிவத்தைப் பூட்டிவைக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு தொலைவான ஆய்வுகளை ஒரே தாளில் வைத்து இப்படி ஒப்பிட்டுக் காட்டியது, ஒரு முதுநிலை மாணவியிடம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்.

மூன்றாம் கேள்வி: இங்கே செய்ய முடியுமா?

இதற்கு விடை விரைவாகவே கிடைத்தது. ஆர்சனிக் வழியைக் குழு விவாதமின்றி நீக்கியது. பொட்டாசியம்–ஆர்சனிக் சேர்மம் ஈரத்தில் பட்டால் ஆர்சைன் வாயு எழும். மிகக் குறைந்த அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது அது. நம் ஆய்வகத்தின் புகைபோக்கி அறையை நம்பி அதை அனுமதிக்க எவருக்கும் மனமில்லை.

ஈயமும் வெள்ளீயமும் அந்த அளவுக்கு அச்சுறுத்துபவை அல்ல, தேவைகளோ குறைவில்லை. பொட்டாசியத்தையும் வெள்ளீயத்தையும் டான்டலம் அல்லது நியோபியம் குழாயில் ஆர்கான் சூழலில் அடைத்து, குழாயின் வாயை வெல்டிங் செய்து மூடி, அதைச் சிலிக்கா குழாய்க்குள் வைத்துச் சூடாக்க வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு படியும் ஆக்சிஜனும் நீராவியும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் கையுறைப் பெட்டியில் நடக்க வேண்டும். எத்திலீன்டையமீனைக் கால்சியம் ஹைட்ரைடின் மேல் வைத்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். கிரிப்டாண்டின் விலையைக் கேட்டால் துறையின் ஆண்டு வேதிப்பொருள் நிதியில் பெரும்பகுதி ஒரே புட்டியில் முடிந்துவிடும். திட்டக் காலமோ வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. சேலத்தில் அப்போதைய ஈரப்பதத்தில், ஏற்காட்டிலிருந்து தினமும் பேருந்தில் இறங்கி வரும் அந்த மாணவி மலை மூட்டத்தைப் பற்றிச் சொன்னதையும் கணக்கில் கொண்டால், திறந்த மேசையில் ஒரு படியைக்கூடச் செய்ய முடியாது என்பது தெளிவு. வெள்ளீய எதிரயனியின் செந்நிறக் கரைசலில் காற்று பட்டால் நிறம் போய்ச் சாம்பல் வண்டல் தங்குவதற்கு நெடுநேரம் ஆகாது.

அப்போது மாணவி ஒன்று கேட்டார். அவருடைய தாய்மாமன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். "மேடம், செம்புக்குப் பதிலா வெள்ளியை உள்ள வெச்சா என்ன ஆகும்? அது நமக்குக் கிடைக்கிற பொருள்தானே?" என்றார். பொருள் கிடைப்பது வேறு, அது கூட்டுக்குள் போவது வேறு என்று வழிகாட்டி விளக்கினார். வெள்ளி அயனி எளிதில் எலக்ட்ரானை வாங்கி உலோகமாகிவிடும். வலிமையான ஒடுக்கியான சின்டில் எதிரயனியோடு நேரடியாகச் சேர்த்தால் குடுவையின் சுவரில் வெள்ளிப் பூச்சு மிஞ்ச வாய்ப்பு மிகுதி. செம்புக்குக்கூட அதன் சாதாரண உப்பைப் பயன்படுத்தாமல், கரிமத் தொகுதி ஒன்று இணைந்த மெசிடைல் செம்பைப் பயன்படுத்தியே ஒன்பது வெள்ளீய அணுக்களின் கூட்டுக்குள் அதைப் புகுத்தினார்கள். வெள்ளிக்கும் வழி உண்டு: ஒன்பது ஜெர்மானியம் அணுக்களின் கூட்டுக்கு வெளியே சிலிக்கான் கொண்ட மூன்று பருத்த சிலில் தொகுதிகளை மாட்டிவிட்டால் அதன் ஒடுக்கும் வேகம் தணிகிறது, அப்படிப்பட்ட இரண்டு கூடுகளுக்கு இடையே செம்பு, வெள்ளி, தங்கம் ஆகிய மூன்றின் அயனிகளையும் ஆண்ட்ரியாஸ் ஷ்னெப்ஃப் குழுவினர் அமர்த்தியிருக்கிறார்கள். அங்கே வெள்ளி கூட்டின் உள்ளே இல்லை. இரு கூடுகளைப் பிணைக்கும் இடத்தில் இருக்கிறது. பட்டறைப் பழக்கத்திலிருந்து பிறந்த அந்தக் கேள்வியால், உள்ளே பொதிவதற்கும் வெளியே பிணைப்பதற்கும் உள்ள வேறுபாடு முன்மொழிவில் ஒரு தனி அத்தியாயமாகச் சேர்ந்தது.

திட்டம் நிறைவேறிய விதம்

தயாரிப்பைக் கைவிட்டு, செம்பு பொதிந்த ஒன்பது வெள்ளீயக் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணிக்கும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின்படி கணினியில் ஆராய்வது என்று முடிவானது. கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள் போதும். வெள்ளீயம் கனமான தனிமம் ஆதலால் சார்பியல் விளைவைக் கணக்கில் கொண்டு, உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக நிற்கும் உள்ளக நிலையாற்றல் சார்புகளைப் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டும் முன்கூட்டியே வலியுறுத்தப்பட்டது.

இந்தக் கொத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செம்பு அயனி எந்த எலக்ட்ரானையும் தராததால், கூட்டுக்குக் கிடைப்பவை வெறும் எதிரயனியில் இருந்த அதே 22 எலக்ட்ரான்கள்தாம். வேட் விதிப்படி வடிவமும் அதேபோலத் திறந்ததாக இருக்க வேண்டும். படிகத்தில் இருப்பதோ மூன்று பக்கமும் மூடியிட்ட முக்கோணப் பட்டகம், ஏறக்குறைய கோளம்போல. விதி பிழைக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே மாணவியின் புதிய ஆய்வுக் கேள்வியாயிற்று.

முதல் கணக்கீட்டிலேயே ஒரு சிக்கல் வந்தது; அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெற்றிடத்தில் தனித்து நிற்கும் கொத்தாகக் கணக்கிட்டபோது, எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆர்பிட்டால்களில் உச்சியில் இருந்தவற்றின் ஆற்றல் நேர்மதிப்பாக வந்தது. அப்படியானால் அந்த எலக்ட்ரான்களைக் கொத்தால் பிடித்து வைத்திருக்க முடியாது என்று பொருள். மாணவி இதை உள்ளீட்டுப் பிழை என்று எண்ணி ஆயங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். உள்ளீடு சரியாகவே இருந்தது. மூன்று எதிர்மின்சுமைகளைச் சுமக்கும் சிறு அயனி வெற்றிடத்தில் தனியாக நிலைக்காது என்ற உண்மையைத்தான் கணக்கீடு சொல்லிக்கொண்டிருந்தது. குடுவையிலும் படிகத்திலும் அதைச் சுற்றிக் கரைப்பானும் நேரயனிகளும் இருக்கின்றன. மின்கடத்தாப் பொருளின் தொடர்ச்சியான சூழலாகக் கரைப்பானை உருவகிக்கும் மாதிரியைச் சேர்த்ததும் அந்த ஆற்றல்கள் எதிர்மதிப்புக்கு இறங்கின. கார்பெட்டின் காலத்தில் கிரிப்டாண்டால் தீர்ந்த சிக்கலின் இன்னொரு முகம் இது. எலக்ட்ரான் நிறைந்த எதிரயனியை அதன் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதை மாணவி அறிக்கையில் இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தார். முழு அறிக்கையிலும் நான் இருமுறை படித்த பகுதி அதுவே.

வடிவத்தைப் பொறுத்தவரை, திறந்த வடிவத்திலிருந்து தொடங்கிய கணக்கீடும் பட்டக வடிவத்திலிருந்து தொடங்கிய கணக்கீடும் பட்டகத்திலேயே வந்து நின்றன. காரணத்தை வடிவ அளவுகளிலேயே காண முடிந்தது: பட்டகத்தின் நெடுக்குப் பக்கங்கள் நீண்டிருந்தன. இருபது எலக்ட்ரான்களுக்கு உரிய மூடிய வடிவத்தில் கூடுதலாக இரண்டு எலக்ட்ரான்கள் வந்து சேரும்போது, அவை நுழையும் ஆர்பிட்டால் அந்தப் பக்கங்களுக்கு எதிர்ப்பிணைப்பாக (பிணைப்பைத் தளர்த்துவதாக) அமைகிறது; பக்கங்கள் நீண்டால் அதன் ஆற்றல் தாழ்கிறது. நடுவில் செம்பு அமர்ந்திருப்பதால் கூடு உள்ளிருந்து தாங்கப்பட்டுக் கோளத்தை நெருங்குகிறது. வெறும் ஒன்பது வெள்ளீய எதிரயனியிலேயே இரு வடிவங்களுக்கும் இடையே ஆற்றல் வேறுபாடு மிகச் சிறிது. கரைசலில் அணுக்கள் ஓயாமல் இடம் மாறிக்கொள்வதால் அணுக்கருக் காந்த ஒத்திசைவில் ஒன்பதும் ஒரே குறிகையாகத் தெரியும் என்பது 1970களிலிருந்தே அறியப்பட்டது. விதி சொல்லும் வடிவத்துக்கும் காணும் வடிவத்துக்கும் நடுவே பெரிய மலை ஏதும் இல்லை.

வாய்மொழித் தேர்வு

வெளித்தேர்வாளர் ஒரு கேள்வியில் நெடுநேரம் நின்றார். ஒரே ஈய எதிரயனியிலிருந்து நிக்கல் பொதிந்த பத்தணுக் கூடும் கிடைத்திருக்கிறது, பன்னிரண்டணுக் கூடும் கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க, உள்ளே போகும் அணுவின் பருமன்தான் கூட்டின் பருமனைத் தீர்மானிக்கிறது என்று அறிக்கையின் முன்னுரையில் எழுதியது எப்படிப் பொருந்தும் என்றார். மாணவி பத்தணுக் கூட்டின் கணக்கைப் பலகையில் போட்டார்: 40உடன் சுமை இரண்டு, 42, தனித்த இணைகளுக்கு 20 போக 22, பத்து முனைகளின் மூடிய கூட்டுக்கு அதுவே வேண்டியது. பன்னிரண்டணுக் கூட்டின் கணக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே எந்தக் கூடுகளுக்கு இடமுண்டு என்பதை மட்டுமே எண்ணிக்கை சொல்கிறது, அவற்றுள் எது விழும் என்பதைக் கரைப்பானும் செறிவும் உலோகச் சேர்மத்தின் ஈனியும் முடிவு செய்கின்றன என்று விடையளித்து, முன்னுரையின் அந்த வாக்கியத்தைத் திருத்த ஒப்புக்கொண்டார்.

தேர்வாளர் இன்னொன்றும் கேட்டார்: இந்தக் கொத்துகளால் பயன் என்ன? தற்போதைக்குச் சொல்லக்கூடியது குறைவு. ஜெர்மானியம் எதிரயனிகளைக் கூட்டிணைத்து நுண்துளைகள் கொண்ட ஜெர்மானியத்தை 2006இல் உருவாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு பிஸ்மத் அணுக்களின் வளையம்போன்ற கூட்டுக்குள் தோரியத்தைப் பொதிந்த கொத்தை ஸ்டெஃபானி டேனென் குழுவினர் 2021இல் வெளியிட்டார்கள்; அதில் கரிமச் சேர்மங்களுக்கே உரியதென்று நாம் கற்பிக்கும் அரோமாட்டிக் வளைய மின்னோட்டம், முழுக்க முழுக்க உலோக அணுக்களாலான வளையத்தில் காணப்பட்டது. பயன் என்ற தலைப்பில் இதைச் சேர்க்க முடியாது என்று தேர்வாளர் சிரித்தபடி சொன்னார், மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

இந்த நிகழ்வுக்குப் பிறகு துறையின் முன்மொழிவுப் படிவத்தில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. கொத்துகளையோ துகள்களையோ தயாரிக்க விரும்பும் மாணவர், தொடக்கப் பொருளிலிருந்து விளைபொருள் வரை அணுக்களையும் சுமைகளையும் சமன்செய்து அதில் எழுத வேண்டும். சமனாகாத எலக்ட்ரான்கள் இருந்தால் அவற்றை யார் ஏற்கிறார்கள் என்பதையும், அதை எந்தச் சோதனையால் காட்டப் போகிறார் என்பதையும் குறிக்க வேண்டும். இலைச்சாற்றுத் திட்டங்களுக்கும் இந்தப் பக்கம் பொருந்துமா என்று அடுத்த கூட்டத்தில் இரு ஆசிரியர்கள் கேட்டார்கள். பொருந்தும் என்று தீர்மானமாயிற்று.